ஆறு வீட்டுக்கு ஒரு ரிமோட்

எட்டு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. லெட்சுமி அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, ஒரே கூரையில் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் தோட்டத்து லயத்தின் ஆறு வீட்டு ஆட்களும் வந்து உட்கார்ந்துவிட்டோம். நடுவில் பெரிய அலுமினியத் தட்டு நிறைய அவித்த மரவள்ளிக்கிழங்கு, பக்கத்தில் துருவிய தேங்காயும் சீனியும். எல்லோர் கையும் தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

இரண்டு பேர் மட்டும் கிழங்கைத் தொடவில்லை. ஒருத்தி நான். இன்னொருவர் கடைசி வீட்டுப் புஷ்பம் அக்கா.

"நம்ம லயத்து ஆளு டிவியில வருது. ஆளாளுக்கு அவங்கவங்க வீட்ல ஒக்காந்து பாக்குறதா? எல்லாரும் இங்க வாங்கலா" என்று லெட்சுமி அக்கா சாயந்திரமே வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். டிவியில் வரப்போகும் அந்த ஆள் புஷ்பம் அக்காதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பல் பிடுங்க வரிசையில் காத்திருப்பவர் மாதிரி இருந்தது.

லெட்சுமி அக்கா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். தூசி படாமலிருக்க அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தார்.

புஷ்பம் அக்கா அந்த நிகழ்ச்சியில் என்ன பேசியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். லெட்சுமி அக்காவுக்கும் அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால், முதலில் எங்கள் வயர் கதையைச் சொல்ல வேண்டும்.

வெள்ளை வயர்

தொண்ணூறுகளின் பின்பாதி. கோலா சாவா பக்கத்தில் எங்கள் தோட்டம். வானத்திலிருந்து படம் இறங்கும் புது டிவி நாட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்கத் தமிழ் வரும் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு முன்னால் தமிழ் என்பது டிவியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிற விருந்தாளி.

எங்கள் தோட்டத்தில் அந்தப் பெட்டி முதலில் வந்தது லெட்சுமி அக்கா வீட்டுக்கு. கணவர் போன பிறகு அவர் தனியாக இருந்தார். முட்டிவலியால் ரப்பர் மரத்துப் பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவர். ஒரே மகன் ரவி ஜொகூரில் வேலை. தீபாவளிக்கு வர முடியவில்லை என்று சொல்லி, கம்பெனி ஆட்களை அனுப்பிக் கூரையில் சட்டி மாதிரி ஆன்டெனா மாட்டவைத்து, டிவி மேல் கறுப்புப் பெட்டி ஒன்றையும் வைக்கச் செய்துவிட்டான்.

என் வீட்டுக்காரர் சேகர் தோட்டத்து லாரி ஓட்டுநர். எங்கேயாவது வயர் தொங்கினால் அவருக்குக் கை அரிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்குப் போய் ஒரு சுருள் வெள்ளை வயர் வாங்கிவந்தார்.

"அக்கா, ஒங்க பெட்டியிலேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கவா?"

"இழுத்துக்க. நான் ஒருத்தி பாத்து என்னா செய்யப் போறேன்? இழுக்கிறதே இழுக்கிற, எல்லாருக்கும் இழுத்துரு."

அவ்வளவு பெரிய மனசு அவருக்கு. கூரை இறவாணத்து ஓரமாக வெள்ளை வயர் முதல் வீட்டிலிருந்து ஆறாவது வீடு வரைக்கும் போனது. இது சட்டப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டிவி பார்க்க முடியாது.

ஒரே ஒரு சங்கடம். பெட்டி ஒன்றுதான். அதில் லெட்சுமி அக்கா எதை வைக்கிறாரோ அதுதான் ஆறு வீட்டிலும் ஓடும். அக்கா தூங்கினால் நாங்களும் தூங்க வேண்டும். அக்கா குளிக்கப் போகும்போது சமையல் நிகழ்ச்சியில் விட்டுவிட்டுப் போனால், லயமே கத்தரிக்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தவுக்கேயின் கணக்கு

சமையல் என்றதும் தவுக்கே நினைவு வருகிறது. தோட்ட முச்சந்தியில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் காலையில் எங்கள் லயத்திலிருந்து வரிசையாக ஆள் போய் ஒரே மாதிரி காளான் டின் கேட்டிருக்கிறார்கள். அவரிடம் இருந்தது ஒன்றோ இரண்டோ. மறுநாள் எல்லோரும் அவல். அதற்கு அடுத்த நாள் எல்லோரும் சோளமாவு.

மனுஷன் யோசித்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு தினமும் லெட்சுமி அக்கா கடைக்குப் போனால் பிஸ்கட் டின்னைத் திறந்து இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்பார்.

"அக்கா, நாளைக்கு என்னா சமையல் பாக்கப் போறீங்க?"

அக்கா சொல்வதை வைத்துத்தான் அவர் லாரிக்குச் சாமான் சொல்வார். இப்போது என் பேத்தி ஏதாவது வாங்கப் போனால் போனே முன்கூட்டிக் காட்டுகிறதாம், உனக்கு இது வேண்டுமா, அது வேண்டுமா என்று. பெரிய அதிசயம்போலச் சொல்கிறாள். எங்கள் தவுக்கே இரண்டு பிஸ்கட்டில் அதைச் செய்தார்.

ஆறு வீட்டிலும் ஒரே சமையல் என்பதால் அண்டை வீட்டுக்குக் குழம்பு கொடுக்கும் பழக்கம் கொஞ்ச காலம் நின்றுபோனது. கொடுத்தாலும் அதே குழம்புதானே திரும்பி வரும்.

பூட்டுப் போட்ட டிவி

இதையெல்லாம் எழுதும்போது, எழுபதுகளில் தோட்டத்து மண்டபத்தில் இருந்த டிவி ஞாபகத்துக்கு வருகிறது. கறுப்பு வெள்ளை. நான்கு கால் வைத்த மரப்பெட்டி, அதற்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி கிராணியிடம். ஆபீஸ் வேலை பார்க்கும் கிராணி என்றால் எங்களுக்கு அப்போது பாதி துரை. தமிழ்ப்படம் போடும் நாளில் அவர் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, சாவியை ஆட்டிக்கொண்டு வரும்போது படத்தில் கதாநாயகனின் அப்பா செத்திருப்பார். ஏன் செத்தார் என்று எங்களில் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் வீடியோ வந்தது. கேசட் மிஷினை வாடகைக்கு எடுத்து, கூடவே நான்கு படம் எடுத்து, வாடகை வீணாகக் கூடாதென்று நான்கையும் ஒரே மூச்சில் பார்ப்போம். மறுநாள் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மரத்தில் சாய்ந்தே தூங்குவார்கள். ஒரு படத்தின் கல்யாணமும் இன்னொரு படத்தின் கொலையும் மண்டைக்குள் கலந்து கிடக்கும்.

நான் இந்தச் சாமான்களின் உறவுக்காரி மாதிரி. செனவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. அந்தத் தொழிற்சாலை பஸ் கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, எறும்புத் தலை அளவுச் சாமானில் முடியைவிட மெல்லிய கம்பி ஒட்டும் வேலை. அது கடைசியில் எந்த மிஷினுக்குள் போகிறது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். டிவியில் கோடு விழுந்தால் போதும், சேகர் என்னைத்தான் பார்ப்பார். "நீ ஒட்டினதா இருக்கும்" என்பார்.

ஆறாவது வீடு

வயர் போகப் போகப் படத்துக்குப் பலம் குறையும். முதல் வீட்டில் பளிங்கு மாதிரி இருக்கும். மூன்றாவதான எங்கள் வீட்டில் லேசாகத் தூறல். ஆறாவது வீட்டில், அதாவது புஷ்பம் அக்கா வீட்டில், கதாநாயகிக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான கதாநாயகி நிற்பாள்.

"எனக்கு மட்டும் பேய்ப்படம்" என்பார் புஷ்பம் அக்கா.

அலைவரிசை மாற்றவேண்டுமென்றால் பலகைச் சுவரில் கரண்டியால் தட்டுவோம். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கேட்டு தன் அடுத்த பக்கத்துச் சுவரில் தட்டுவார். அப்படியே முதல் வீட்டுக்குப் போகும். புஷ்பம் அக்கா தட்டியது லெட்சுமி அக்காவைப் போய்ச் சேர்வதற்குள் அவர் கேட்ட நாடகம் முடிந்து விளம்பரம் ஓடும்.

ஆனாலும் இருவரும் நெருக்கம். புஷ்பம் அக்காவின் மகள் மல்லிகாவை, மந்தினில் மோட்டார் பட்டறை வைத்திருந்த தன் தம்பி மகனுக்குப் பேசி முடித்துக்கொடுத்ததே லெட்சுமி அக்காதான். அடுத்த மாதம் பரிசம். மல்லிகாவுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. பட்டறையைக் கடக்கும்போது மட்டும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் மாறி உட்காருவாள் என்று கண்டக்டருக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, புஷ்பம் அக்கா வாரக்கணக்காகப் பார்த்துவந்த நாடகத்தில் தொலைந்த மகள் வாசலில் வந்து நிற்கும் நேரம், லெட்சுமி அக்கா பக்தி நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார். கரண்டி உடையும் அளவுக்குத் தட்டியும் பலனில்லை. மறுநாள்தான், கேமராவைத் தூக்கிக்கொண்டு டிவிக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள்.

தலையாட்டிய பெண்

கோலாலம்பூரிலிருந்து வந்த, கால்சட்டை போட்ட சின்னப் பெண். புது டிவி வந்த பிறகு தோட்டத்து வாழ்க்கை எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு நிகழ்ச்சி செய்கிறாளாம். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்களில் நன்றாக வாய் பேசுகிறவர் யார் என்று பார்த்துப் புஷ்பம் அக்கா முன்னால் மைக்கை நீட்டிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்.

"சாந்தா, நான் என்னமோ பேசிட்டேன்."

"என்னாக்கா பேசுனீங்க?"

"அந்தப் பொண்ணு தலைய ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. எதிர்ல ஒருத்தி தலைய ஆட்டுனா வாய் தன்னால போவுது. லெட்சுமி அக்காவப் பத்தி... வேணாம், சொல்ல மாட்டேன்."

"வெட்டிருவாங்கக்கா. அரை மணி நேரம் பேசுனா அரை நிமிசந்தான் போடுவாங்க."

"அந்த அரை நிமிசம் எதுன்னுதான் பயமா இருக்கு. நாலு பேரு கேட்டுட்டா அக்கா சும்மா இருக்க முடியாது சாந்தா. மல்லிகா கல்யாணம் நின்னுரும்."

அவர் சொன்னது உண்மை. எங்கள் லயத்தில் ஒருவரை ஒருவர் தனியாகத் திட்டிக்கொண்டால் சாயந்திரமே மறந்துவிடலாம். நாலு பேர் முன்னால் திட்டினால் அப்படி விட முடியாது. திட்டு வாங்கியவர் பதில் கொடுக்காவிட்டால் ரோசம் கெட்டவர் என்று பெயர் வந்துவிடும். லெட்சுமி அக்கா கொடுக்கக்கூடிய பெரிய பதில் மந்தின் பையனைத் திருப்பி வாங்கிக்கொள்வதுதான்.

மத்தியானம்

நிகழ்ச்சி எட்டு மணிக்கு என்றுதான் அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த டிவியில் எதையும் ஒரே நாளில் இரண்டு தடவை போடுவார்கள் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

நான் அந்த வாரம் இரவு ஷிப்ட். எட்டு மணி நிகழ்ச்சிக்காக அன்றைக்கு மட்டும் லீவு சொல்லியிருந்தேன். காலையில் வந்து தூங்கி, மத்தியானம் எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். லயத்தில் நானும் லெட்சுமி அக்காவும்தான் இருந்தோம். டிவியில் எங்கள் தோட்டத்துத் தண்ணிக்குழாய் தெரிந்தது. பிறகு புஷ்பம் அக்கா, தலையில் கட்டிய துண்டோடு.

"மாத்தமா? எங்க லயத்துல டிவின்னா லெட்சுமி அக்காதான். பெட்டி ஒண்ணு, வீடு ஆறு. மூணாவது வீட்டு சேகர் தம்பி வயர் இழுத்துக் குடுத்துச்சு."

டிவிக்காரர்களிடமே டிவி திருட்டைப் பெயர் சொல்லி விளக்கிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் சாய்ந்தது. (போலீஸ் வரவில்லை. பிறகு ஒருநாள் டை கட்டிய ஏஜென்ட் ஒருவர்தான் வந்தார். சிரித்துக்கொண்டே வீட்டுக்கொரு பெட்டியை விற்றுவிட்டு, வெள்ளை வயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். சேகருக்குச் சாமான் போன வருத்தம்.)

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"அது மவன் வாங்கிக் குடுத்த பெட்டி. பெட்டி வந்துச்சு, மவன் வரல. தீவாளிக்கும் வரல, திருவிழாவுக்கும் வரல. பெத்த புள்ள கையப் புடிக்க வேண்டிய வயசுல ரிமோட்டப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு அந்த அக்கா."

அடுத்த நொடி என் டிவியில் படம் போய் வெறும் புள்ளிகள் இரைந்தன. முதல் வீட்டில் பெட்டியை அணைத்துவிட்டார்கள்.

சாயந்திரம் வரை அது அணைந்தே கிடந்தது. சாயந்திரம்தான் லெட்சுமி அக்கா என் வாசலில் வந்து நின்று, ராத்திரி எல்லோரும் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொன்னார். அவர் கண்ணில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை.

"மத்தியானம் தூங்கிட்டியா சாந்தா?"

"நல்லா தூங்கிட்டேன்கா."

"தூங்குறது நல்லது" என்று சொல்லிவிட்டு நான்காவது வீட்டுக்கு நடந்தார்.

நாலு பேர் போதாதென்று லயத்தையே கூட்டி வைத்துக் கேட்கவைத்து, அங்கேயே பதில் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். மல்லிகாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

எட்டு மணி

தண்ணிக்குழாய் வந்தது. பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஐந்து வீட்டிலும் டிவியைப் போட்டுவிட்டே வந்திருந்தார்கள், அதனால் லயம் முழுக்க ஒரே இசை கேட்டது. புஷ்பம் அக்கா திரையில் வந்ததும் யாரோ கை தட்டினார்கள். பாயில் இருந்த புஷ்பம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"மாத்தமா? எங்க லயத்துல டிவின்னா லெட்சுமி அக்காதான்" என்றது டிவி.

சிரிப்பு. எல்லோரும் லெட்சுமி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். பிளாஸ்டிக் பைக்குமேல் கட்டைவிரல் நகர்ந்து ஒரு பொத்தானை அழுத்தியது.

சத்தம் நின்றது. கூடத்தில் மட்டும் நிற்கவில்லை. ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் நின்றது. வெளியே தவளைகள் கத்துவது கேட்டது. திரையில் புஷ்பம் அக்கா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். வாய் அசைந்தது, ஒரு வார்த்தை வரவில்லை.

"என்னாச்சுக்கா, சத்தம் போச்சே?"

"மழை வரும்போல. மழை வந்தா அப்படித்தான்லா."

மழை வந்தால் படம்தான் போகும், சத்தம் மட்டும் தனியாகப் போகாது. இது சேகருக்குத் தெரியும். சொல்வதற்கு வாயைத் திறந்தார். நான் தொடையில் கிள்ளிய கிள்ளில் அப்படியே மூடிக்கொண்டார்.

புஷ்பம் அக்கா போய், திரையில் வேறொரு தோட்டத்துக் கிழவர் வந்ததும் சத்தமும் வந்துவிட்டது.

"என்னாக்கா பேசுனீங்க? முக்கியமான நேரத்துல போச்சே" என்று ஆளாளுக்குப் புஷ்பம் அக்காவைக் கேட்டார்கள். அவர் லெட்சுமி அக்காவைப் பார்த்தார்.

"அக்கா இல்லாட்டி... இந்த லயத்துல டிவியே இல்லன்னு சொன்னேன்."

"அப்படியா? நல்லாத்தான் சொல்லியிருக்கே. கெழங்கு சாப்புடு" என்றார் லெட்சுமி அக்கா.

ஒரு போன்

எல்லோரும் போன பிறகு நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். புஷ்பம் அக்கா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அக்கா, மல்லிகா..."

"மல்லிகா பரிசத்துக்கு என்னா கொற? பொடவை எடுத்தாச்சு." லெட்சுமி அக்கா பாயின் இன்னொரு முனையை மடிக்க ஆரம்பித்தார். "நாலு பேரு கேட்டிருந்தா நான் ஒனக்குப் பதில் சொல்லணும். சொன்னா நின்னுரும். அந்தப் புள்ள என்னா பாவம் பண்ணிச்சு?"

புஷ்பம் அக்கா அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீ சொன்னது பொய்யின்னா எனக்குக் கோவம் வந்திருக்கும், பூ. மத்தியானம் பூரா தேடிப் பாத்தேன், கோவம் வரல." அக்கா ரிமோட்டை டிவி மேல் வைத்தார். "ஒண்ணு செய். நீதான் நல்லா பேசுறியே. ரவிக்கு ஒரு போன் போடு. பரிசத்துக்காச்சும் வரச் சொல்லு. நான் கூப்புட்டா வேலைங்கிறான். எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு."

புஷ்பம் அக்கா அப்போதே செருப்பை மாட்டினார். போன் கார்டு என்னிடம் இருந்ததால் நானும் போனேன். தவுக்கே கடைப் பலகைகளைச் சாத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொதுத் தொலைபேசி. ஜொகூர் தூரம் என்பதால் அக்கா கத்திப் பேசினார். ரவியின் குரல் எனக்கே கேட்டது.

"தம்பி, புஷ்பம் சித்தி பேசுறேன்."

"ஒங்கள டிவில பாத்தேன் சித்தி. மத்தியானம். சாப்பாட்டுக் கடையில ஓடிச்சு. கூட வேல செய்யிறவங்க எல்லாரும் இருந்தாங்க."

ஆறு வீட்டுச் சத்தத்தைத்தான் லெட்சுமி அக்காவால் நிறுத்த முடிந்தது. நாடு முழுக்கக் கேட்டிருந்தது.

அடுத்து அவனே கேட்டான்.

"அம்மா பாத்தாங்களா?"

புஷ்பம் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நின்றுகொண்டார்.

"பாத்துச்சு. ஆனா எங்க லயத்துல அந்த நேரம் சத்தம் வரல தம்பி. யாருக்கும் ஒண்ணும் கேக்கல."

அதைக் கேட்டதும் ரவி சொன்னான்.

"சனிக்கெழம வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

"நான் ஏன் சொல்றேன்? நீயா வந்த மாதிரி வா" என்று போனை வைத்துவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது லெட்சுமி அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"பேசினியா?"

"லைன் கெடைக்கலக்கா. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் அக்கா தன் வீட்டுக்கு நடந்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் லயத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் முதல் வீட்டிலிருந்து லெட்சுமி அக்காவின் குரல், ஆறாவது வீடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"யாரும் கூப்புடல. அவனாத்தான் வந்திருக்கான்."